வயதான நாய்க்கு இடைக்கால வீடும் நிரந்தர வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் கைவிடப்பட்ட வயதான நாய்களை எடுத்து, கொஞ்ச காலம் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடம் பார்த்துக் கொடுக்கும் சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சங்கம், பதிவு எதுவும் கிடையாது. கோயில் வாசலிலும் பசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) தொலைபேசியிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். குட்டி நாய்களைப் பற்றி இதில் எதுவும் இல்லை. குட்டிக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடும்.

அக்கா, "ஃபாஸ்டர்" பண்றதுன்னா என்ன? கடைசியில என் தலையில கட்டிட மாட்டீங்களே?

கட்ட மாட்டோம். நாய் உங்கள் வீட்டில் சில வாரங்களோ சில மாதங்களோ இருக்கும். நிரந்தர வீடு கிடைத்ததும் போய்விடும். அதுவரை இடமும் சாப்பாடும் மருந்தும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு: அந்த நாய் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது. படி ஏறுமா, குழந்தைகள் சத்தம் தாங்குமா, தனியாக விட்டால் குரைக்குமா, ராத்திரி தூங்குமா? தத்தெடுக்க வருகிறவர் கேட்பது இதைத்தான். ஒரு நாளில் இதற்குப் பதில் கிடைக்காது, கூட இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயங்களைப் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மருத்துவச் செலவு யாருடையது, நீங்கள் வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், உங்களால் முடியாமல் போனால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்ட இடங்களில்தான் பிறகு மனஸ்தாபம் வருகிறது.

இந்தக் கிழட்டு நாயெல்லாம் எங்கேருந்து வருது? கடிச்சு வச்சதாலதானே தூக்கிப் போட்டிருப்பாங்க?

எங்களிடம் வருபவற்றில் பெரும்பாலானவை அப்படி வருவதில்லை. இந்தப் பக்கம் பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள் செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டங்களாகி, சில இடங்களில் செம்பனையும் தாமானாகிவிட்டது (குடியிருப்புப் பகுதி). லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த குடும்பங்கள் அடுக்குமாடிக்கும் மலிவு வீட்டுக்கும் மாறின. பிள்ளைகள் வேலைக்காக ஷா ஆலமுக்கோ ஜோகூருக்கோ போய்விட்டார்கள். தாத்தாவையும் பாட்டியையும் கூட்டிப் போக ஒரு அறை கிடைத்தது, நாய்க்குக் கிடைக்கவில்லை. அப்படி லயத்தில் விடப்பட்டது, வீட்டுக்காரர் இறந்த பிறகு பார்க்க ஆளில்லாமல் போனது, கண் தெரியாததால் "காவலுக்கு ஆகாது" என்று கழற்றி விடப்பட்டது, இவைதான் அதிகம்.

கடித்த நாயும் வரும், இல்லை என்று சொல்ல மாட்டேன். வயதான நாய் திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் முதலில் வலியைச் சந்தேகிக்க வேண்டும். இடுப்பு வலியோடு படுத்திருக்கும் நாயைக் குழந்தை இழுத்தால் அது வேறு எப்படிச் சொல்லும்? காது வலி, பல் சீழ், தூக்கத்தில் தொடப்படுவது எல்லாம் இதே கணக்குத்தான்.

எத்தனை வயசானா கிழடுன்னு சொல்றது? வயசு எப்படித் தெரியும்?

உடம்பின் அளவைப் பொறுத்தது. பெரிய நாய் ஏழு வயதிலேயே முதுமைக்குள் நுழைந்துவிடும். நம் லயத்து நடுத்தர நாய்களுக்கு எட்டு, ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன சாதிக்குப் பத்து ஆகும். முகவாய் நரைத்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஐந்து வயதிலேயே நரைக்கும் நாய்கள் உண்டு. பல் தேய்மானம், கண், தொடைச் சதை எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் ஒரு மதிப்பீடு தருவார். அதுவும் தோராயம்தான்.

பழைய வீட்டுக்காரர் கிடைத்தால் "என்ன வயசு?" என்று கேட்காதீர்கள், "பத்துப் பன்னிரண்டு இருக்கும்" என்றுதான் பதில் வரும். "இது வந்தப்போ வீட்டில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "மூத்தவ எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதின வருசம் வந்துச்சு" என்பார்கள். கணக்கு சரியாக வந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டு வந்து ரெண்டு நாளாச்சு, மூலையிலேயே படுத்திருக்கு. சாப்பிடவும் மாட்டேங்குது. என்ன செய்றது?

விட்டுவிடுங்கள். முதல் சில நாட்கள் பயத்தில் போகும், ஓரிரு வாரத்தில் வீட்டு நேரங்கள் பிடிபடும், முழுதாக இது என் வீடு என்று இருக்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வயதானதுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். சுவரோரமாக ஒரு இடம், வழுக்காத தரை, பக்கத்தில் தண்ணீர், ஒரே நேரத்தில் சாப்பாடு, இது போதும். அண்டை வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். குளிப்பாட்டுவதும் அவசரமில்லை.

ஆனால் தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தி எடுக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது என்றால் அது பயம் அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

நாங்க சாப்பிடுற சோறு, குழம்பு போடலாமா? தோட்டத்துல அதானே சாப்பிட்டு வளர்ந்துச்சு?

சோறு போடலாம், குழம்பு வேண்டாம். நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் கிடையாது, இரண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். இத்தனை வருடம் தின்றும் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் குறைந்திருந்தால் பரிசோதனை செய்யாமல் யாருக்கும் தெரிந்திருக்காது. திராட்சை, சாக்லெட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் கூடாது. தீபாவளிக்கு ஆட்டுக்கறிக் கொழுப்பை அள்ளிப் போடுவது கணைய அழற்சியில் கொண்டுபோய் விடும்.

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, சோறு, கொஞ்சம் பூசணி என்று ஆரம்பித்து, ஒரு வாரத்தில் மெல்ல நாய்த் தீவனத்துக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். பல் இல்லாத நாய்க்குத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் போதும். எலும்பும் தோலுமாக வந்த நாய்க்குச் சின்னச் சின்ன வேளைகளாக, நாளுக்கு நான்கைந்து முறை. பாவம் என்று முதல் நாளே வயிறு முட்டப் போடுவது ஆபத்து.

டாக்டர்கிட்ட முதல்ல என்னென்ன பார்க்கச் சொல்லணும்? செலவு ரொம்ப ஆகுமா?

வயதான நாய்க்கு முதல் செலவை ரத்தப் பரிசோதனையில் போடுங்கள். சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, ரத்த அணுக்கள் தெரிந்துவிடும். கூடவே உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப் புழுவுக்கும் சோதனை. நம் ஊர் உண்ணிக்கும் கொசுவுக்கும் இந்த இரண்டும் சர்வசாதாரணம். உண்ணிக் காய்ச்சல் நாள்பட்டால் மூக்கில் ரத்தம், மெலிவு, வெளுத்த ஈறு என்று வரும். சோதனையில் எர்லிக்கியா (உண்ணி பரப்பும் கிருமி) என்று வந்தால் டாக்ஸிசைக்ளின் சுமார் நான்கு வாரம் கொடுப்பார்கள். இரண்டாவது வாரத்தில் நாய் துள்ள ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இதயப் புழு இருக்கிறதா என்று பார்க்காமல் தடுப்பு மருந்தை ஆரம்பிக்கவும் கூடாது.

செலவு கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். ஈப்போவுக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே இரண்டு இடங்களில் கேட்டுக்கொள்ளுங்கள். கால்நடை சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்திலும் விசாரியுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் தத்தெடுப்பவரிடம் பேச அவை தேவைப்படும்.

எழுந்திருக்கவே சிரமப்படுது. நாம போடுற பெனடால் பாதி கொடுத்தா என்ன?

கொடுக்காதீர்கள். பெனடாலில் இருக்கும் பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், புரூஃபன் (இபுப்ரோஃபென்) வகை வலி மாத்திரை வயிற்றில் புண்ணும் சிறுநீரகச் செயலிழப்பும் கொண்டுவரும். நாய்களுக்கென்றே மெலொக்ஸிகாம், கார்புரோஃபென் போன்ற வலி மருந்துகள் உள்ளன. அவற்றையும் மேலே சொன்ன ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே எழுதித் தருவார்கள்.

மூட்டுவலிக்கு மருந்தில்லாமல் செய்யக்கூடியதும் நிறைய. எடை கூடியிருந்தால் குறையுங்கள், இதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை. மொசைக் தரையில் பழைய கித்தான் அல்லது ரப்பர் பாய் விரியுங்கள். நகத்தை வெட்டுங்கள். ஒரே நீண்ட நடைக்குப் பதிலாகக் காலையும் மாலையும் சின்ன நடை போதும், அதுவும் வெயில் ஏறும் முன்.

கண்ணு நீலமா இருக்கு. குருடாயிடுச்சா?

இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி நீலச் சாம்பல் மங்கல் இருந்தால் அநேகமாக வயதால் லென்ஸ் இறுகியிருக்கிறது. பார்வை பெரிதாகக் குறையாது. பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் கண்புரை, பார்வை போகும். பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் கண்ணுக்கு முன் போட்டுப் பாருங்கள், தலை பின்தொடர்கிறதா என்று தெரியும். கண் சிவந்து, வலியோடு மூடிக்கொண்டால் உடனே காட்ட வேண்டும்.

உண்மையிலேயே பார்வை போயிருந்தாலும் நாய் மூக்கால் சமாளித்துக்கொள்ளும். நாற்காலி மேசையை இடம் மாற்றாமல் இருங்கள். காதும் கேட்காது என்றால் பின்னாலிருந்து தொடாதீர்கள். காலால் தரையைத் தட்டிவிட்டு முன்னால் வாருங்கள்.

ராத்திரி முழுக்க நடக்குது, சுவரைப் பார்த்து நிக்குது, ஊளையிடுது. எமன் தெரியுறதாலதான்னு என் மாமியார் சொல்றாங்க.

மாமியாரிடம் வாதாடிப் பயனில்லை, மருத்துவரிடம் கேளுங்கள். வலி, சிறுநீர் அடக்க முடியாமை, காது கேளாததால் வரும் பதற்றம் என்று முதலில் இவற்றைப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் முதுமை மறதி நோயாக இருக்கலாம், மனிதருக்கு வருவதைப் போலவே. பகலில் தூங்கி இரவில் அலைவது, கதவின் கீல் பக்கம் போய் நிற்பது, பழகிய ஆளை மறப்பது இதன் அடையாளங்கள்.

முழுதாகக் குணமாகாது. இரவில் ஒரு சின்ன விளக்கு, படுக்கும் முன் ஒரு தடவை வெளியே கூட்டிப் போவது, பகலில் கொஞ்சம் விளையாட்டு, மாறாத நேரங்கள் ஆகியவை நன்றாக உதவும். மருந்தும் உண்டு. தத்தெடுக்க வருபவரிடம் இதை மறைக்கவே கூடாது. முதல் ராத்திரியே தெரிந்துவிடும்.

இந்த வயசுல போய் கருத்தடை தேவையா? தாங்குமா?

பெண் நாய் என்றால் தேவை என்பேன். கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்க்குத் தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் கட்டலாம். நிறையத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சில சமயம் சீழ் வெளியே வரும். அப்போது அவசர அறுவை சிகிச்சை செய்வதை விட, தெம்பாக இருக்கும்போது செய்வது எவ்வளவோ மேல். ஆண் நாய்க்கு ஆசனவாயைச் சுற்றிக் கட்டி, புராஸ்டேட் வீக்கம் இருந்தால் பலன் உண்டு. இல்லையென்றால் மருத்துவர் சொல்வதைக் கேட்கலாம். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் வயது மட்டும் தடையல்ல.

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலக் கட்டி இருந்து ரத்தம் சொட்டினால், அவிழ்ந்து திரிந்த நாய்களுக்குள் பரவும் ஒருவகைப் புற்றாக இருக்கலாம். பயந்து தூக்கிப் போடாதீர்கள். வின்கிறிஸ்டின் ஊசி வாராவாரம் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் கரைந்துவிடும்.

எங்க வீட்டுப் பின்னால செம்பனைக் காடு. அவுத்து விட்டா நல்லா ஓடியாடித் திரியுமே?

அவிழ்த்து விடாதீர்கள். செம்பனையில் எலிக்கு மருந்துக் கட்டி வைப்பார்கள். நாய் அதையே தின்னலாம், மருந்து தின்ற எலியையும் தின்னலாம். ரத்தம் உறையாமல் செய்யும் வகை அது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து ஈறில் ரத்தம், மூச்சு வாங்கல் என்று வரும். வைட்டமின் கே1 மாற்று மருந்து, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். தின்றதைப் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திராமல், மருந்து உறை கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி, களைக்கொல்லி அடித்த புல், நாகம் என்று இன்னும் இருக்கின்றன. பார்வையும் காதும் மங்கிய நாய்க்கு எதுவும் தப்பித்து ஓட நேரம் தராது.

பக்கத்து வீட்டுல மலாய்க்காரங்க. பிரச்சினை வருமா?

நாயைக் கொண்டு வரும் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் மண்ணோடு சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டிய சமயக் கடமை இருக்கிறது, அது நாயின் மேல் வெறுப்பு அல்ல. வேலிக்கு உள்ளே வைத்திருங்கள், நடக்கும்போது கயிறு பிடியுங்கள், கழிவை அள்ளுங்கள், கூண்டு கழுவிய தண்ணீர் அவர்கள் பக்கத்துக் கால்வாயில் போகாமல் பாருங்கள். எங்கள் தெருவில் நாய் வெளியே போய்விட்டால் முதலில் போன் செய்பவர் ஒரு மக்சிக்தான் (மலாய் அம்மா). தொடத்தான் மாட்டார், பார்த்துச் சொல்லிவிடுவார்.

நாய் கொஞ்ச நாளைக்குத்தானே இருக்கும், லைசன்ஸ் எடுக்கணுமா? ஃப்ளாட்ல வைக்கலாமா?

எடுக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் வயதான நாய் கூண்டில் தாங்காது. சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது, அங்கே கேளுங்கள். வேறு ஊர் என்றால் உங்கள் ஊராட்சி மன்றத்தில். எந்த மாதிரி வீட்டுக்கு எத்தனை நாய், அடுக்குமாடியில் அனுமதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. அடுக்குமாடி என்றால் நிர்வாகக் குழுவின் எழுத்துப் பதில் இல்லாமல் நாங்கள் நாய் தருவதில்லை.

இன்னொன்று. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 முதல் நடப்பில் இருக்கிறது. கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பராமரிப்பில் வைத்திருப்பவருக்கும் பொறுப்பு உண்டு, "என் நாய் இல்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது.

லேசா பல்லு பட்டுடுச்சு. வெறிநாய்க்கடி பயம் இருக்கா?

காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நீங்கள் மனிதர்களுக்கான கிளினிக்குக்குப் போங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநோய் வந்தது, 2017 முதல் சரவாக்கில் இருந்து வருகிறது. ஆபத்து இருக்கிறதா என்று மருத்துவர் சொல்லட்டும். நாயை அடைத்து வைத்துக் கண்காணியுங்கள், பயத்தில் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். ஏன் கடித்தது என்பதற்கு இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

விளம்பரம் போட்டா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. எப்படி எழுதுறது?

"பாவப்பட்ட ஜீவன், கருணை உள்ளவர்கள் உதவுங்கள்" என்று எழுதினால் அழும் முகம் நிறைய வரும், ஆள் வராது. நாயோடு ஒரு நாள் எப்படிப் போகும் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"பிளாக்கி, பெண், சுமார் 9 வயது, 16 கிலோ. கருத்தடை ஆகிவிட்டது. காலை ஆறு மணிக்கு எழும், ஒரு சுற்று நடக்கும், பிறகு மதியம் வரை தூக்கம். சோறும் தீவனமும் சாப்பிடும். வலது பின்னங்கால் மூட்டுவலிக்குத் தினம் ஒரு மாத்திரை. பூனையைக் கண்டால் துரத்தும். குழந்தைகளிடம் அமைதி, ஆனால் சாப்பிடும்போது தொடக்கூடாது. பட்டாசுக்கு நடுங்கும்."

குறையைச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. மாத்திரை, பூனை என்று வெளிப்படையாக எழுதியதைப் பார்த்துக் கூப்பிடுபவர்தான் பெரும்பாலும் கடைசி வரை வைத்துக்கொள்கிறார். படம் பகல் வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்தில் எடுங்கள். கறுப்பு நாயைக் கறுப்பு மோட்டாருக்கு முன் நிறுத்தினால் என்ன தெரியும்?

லோரி யார்டு காவலுக்கும் டுரியான் தோட்டத்துக்கும் கேக்கறாங்க. கொடுக்கலாமா?

வயதான நாயைக் கொடுக்காதீர்கள். சங்கிலி, தகரக் கூரை, வாரத்தில் இரண்டு நாள் யாராவது வந்து போடும் சாப்பாடு, பெரும்பாலும் இதுதான் நிலைமை. எங்களுக்குப் பொருந்தி வருபவர்கள் ஓய்வு பெற்ற தம்பதிகள், தனியாக இருக்கும் ஆசிரியர்கள், ஏற்கனவே ஒரு கிழட்டு நாயை இழந்தவர்கள். ஓடியாடும் நாய் அவர்களுக்கு வேண்டாம்.

வீட்டை நேரில் பாருங்கள். வேலி, படி, வழுக்கும் தரை, யார் பகலில் இருப்பார்கள் என்று கவனியுங்கள். வயதானவர்களிடம் கேட்கச் சங்கடமான கேள்வி ஒன்றையும் கேட்க வேண்டும்: உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் இது யாரிடம் போகும்? பேரைச் சொன்னால் அந்தப் பிள்ளையிடமும் போனில் பேசிவிடுங்கள்.

எடுத்துட்டுப் போனவங்க மூணு நாள்ல திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. கோபமா வருது.

திட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டினால் அடுத்தவர் திருப்பித் தராமல் வேறு எங்காவது விட்டுவிடுவார். என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்டு விளம்பரத்தில் சேர்த்துவிடுங்கள். மூன்று நாள் என்பது நாய் மூலையில் படுத்திருக்கும் காலம்தான், அதை முன்பே சொல்லியிருந்தால் பலர் பொறுத்திருப்பார்கள். இப்போதெல்லாம் முதலில் இரண்டு வாரம் பார்க்கச் சொல்லி, பிறகுதான் கையெழுத்து வாங்குகிறோம்.

தூங்க வச்சிடுறதுதான் நல்லதுன்னு சொல்றாங்களே?

கண் தெரியாதது, காது கேட்காதது, வயதானது, யாரும் எடுக்காதது இவை எதுவும் ஊசி போட்டு உயிரை முடிப்பதற்குக் காரணமல்ல. மருந்துக்கு அடங்காத வலி, தானாக எழ முடியாமை, சாப்பிட மறுப்பது, மூச்சுத் திணறல் இவைதான் காரணங்கள். காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு குறி, கெட்ட நாளுக்கு ஒரு குறி போட்டு வாருங்கள். கெட்ட நாட்கள் அதிகமாகிக்கொண்டே போனால் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பாவம் என்று தள்ளிப் போடுவதில் நாய்க்குத்தான் கஷ்டம், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

பழைய வீட்டுக்காரர் வந்து "என் நாயைக் குடு"ங்கறார். கொடுக்கணுமா?

வழி தவறி வந்த நாய் என்றால், லைசன்ஸோ பழைய படமோ மைக்ரோசிப்போ காட்டினால் அது அவருடைய நாய். உண்மையாகவே தேடி அலைந்தவர்களும் இருக்கிறார்கள். இதுவரை ஆன மருத்துவ ரசீதுகளைக் காட்டுங்கள், இனி என்ன மருந்து தேவை என்று எழுதிக் கொடுங்கள். விட்டுப் போனவர் என்றால், விட்டதற்கான காரணம் இப்போது மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். அதே அடுக்குமாடி, அதே தடை என்றால் நாய் திரும்ப ரோட்டுக்குத்தான் வரும். இந்தத் தொல்லை வராமல் இருக்க, பழைய வீட்டுக்காரர் நாயை உங்களிடம் ஒப்படைக்கும்போதே அவரிடம் ஐசி (அடையாள அட்டை) எண்ணோடு கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

ஏற்கனவே தத்துப் போய்விட்டது என்றால் புது வீட்டின் முகவரியைத் தராதீர்கள். பார்க்க வேண்டும் என்று கெஞ்சுபவர்கள் உண்டு, ஒரு படமாவது கேட்பார்கள். அனுப்பலாமா என்று எடுத்தவரிடம் நான் கேட்டுச் சொல்வேன். அவர் வேண்டாம் என்றால் அதோடு சரி.